முன்சக்கரத்து 'கட கட'வும் ஒரு கணக்கு நோட்டும்

சஸ்பென்ஷன் என்ற வார்த்தையை அரசு ஊழியர் வீட்டில் சொன்னால் எல்லோர் முகமும் மாறும். "யாரை? எதுக்கு?" என்று கேட்பார்கள். பழைய கார் வைத்திருப்பவர் வீட்டில் சொன்னால் முகம் அதைவிட அதிகமாக மாறும். முதல் வகையில் பாதிச் சம்பளமாவது வந்துகொண்டிருக்கும். இரண்டாவது வகையில் செலவு மட்டும்தான்!

இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. கீழ்வேளூரில் ஒரு பெரியவர் தன்னுடைய பழைய மாருதி 800-இன் முன்பக்க சஸ்பென்ஷனைத் தானே கழற்றி மாட்டினார். அந்தக் கதையும், அதற்குள் ஒளிந்திருக்கும் கொஞ்சம் வணிகவியலும் இங்கே.

சத்தத்துக்கும் இலக்கணம் உண்டு

மாருதி 800-இல் பல வருடம் போய் வந்தவர்கள் வண்டியின் நோயைக் காதாலேயே கண்டுபிடிப்பார்கள். சின்னச் சின்னக் கல்லில் ஏறும்போது காலுக்கடியில் 'டக் டக்' என்று கேட்டால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் புஷ். பெரிய பள்ளத்தில் இறங்கி 'தொம்' என்று இடித்துவிட்டு, அப்புறமும் இரண்டு மூன்று தடவை வண்டி ஊஞ்சல் ஆடினால் ஷாக் அப்சர்பர் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் அதன் தலையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட். பிரேக் மிதிக்கும்போது ஒரு 'டொக்', விடும்போது இன்னொரு 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ். முழுசாக ஒடித்துத் திருப்பி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் 'கட கட கட' என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, ஆக்ஸில் ஜாயின்ட். அது தனிக்கதை, தனிச் செலவு.

சத்தம் போடுகிற பாகத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சில சமயம் சத்தமே போடாமல் தேய்ந்துகொண்டிருப்பது பால் ஜாயின்ட். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையையும் சக்கரத்தையும் இணைக்கிற குண்டு மூட்டு அது. மனிதனுக்கு இடுப்பு மூட்டு மாதிரி. அது கழன்று வெளியே வந்தால் சக்கரம் மடிந்துகொள்ளும். ஓடும்போது அப்படி நடந்தால் ஸ்டீயரிங் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பெரியவரின் வண்டி மேலே சொன்ன சத்தங்களில் கடைசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போட்டது.

அவர் கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இன்னமும் 'கேஷியர் சார்'தான். வண்டி 2003-இல் புதிதாக வாங்கியது, டிஎன் 51 பதிவு. வாங்கிய நாளிலிருந்து அதற்கென்று ஒரு கணக்கு நோட்டு. பெட்ரோல், ஆயில், பஞ்சர், கோயில் வாசலில் பூஜை போட்ட எலுமிச்சம்பழம் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். அவர் மனைவிக்கு முதுகுத்தண்டில் நீண்ட நாள் உபத்திரவம். மாதம் இரண்டு முறை திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் உட்கார முடியாது. வண்டியின் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டுதான் பயணம். முன்சக்கரம் பள்ளத்தில் 'தொம்' என்றால் அந்த அடி நேராக அந்த முதுகுக்குத்தான் போகும். "ஏங்க, பாலம் வருது, மெதுவா..." என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவாராம்.

கடைமடை ரோடு

டெல்டாவில் பிறக்காதவர்களுக்கு அந்த 'பாலம்' விஷயம் புரியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறாக, வாய்க்காலாக, கன்னியாகப் பிரிந்து பிரிந்து கடைசியில் வந்து சேரும் கடைமடைப் பகுதி இது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு வாய்க்கால் ரோட்டைக் கடக்கும். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மதகோ சின்னப் பாலமோ இருக்கும். பாலம் கான்கிரீட், அசையாது. இரண்டு பக்கமும் இருக்கும் ரோடு களிமண் மேல் போட்டது. மழையில் மண் உப்பும், கோடையில் வெடிக்கும், கடைசியில் அமுங்கும். ஆகவே ஒவ்வொரு பாலத்தின் இரண்டு முனையிலும் ஒரு படிக்கட்டு!

அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டரின் கேஜ் வீல் தார் ரோட்டைக் கீறிவிடும். அறுப்பு மிஷின் கொண்டுவந்து போடும் சேற்றுக் கட்டி வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். மாருதி 800-இன் சக்கரமோ வெறும் 12 அங்குலம். பெரிய சக்கரம் தாண்டிப் போகிற பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கித்தான் ஏறும். இது பற்றாதென்று கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நாகப்பட்டினம் கடல். உப்புக் காற்று நட்டையும் போல்ட்டையும் சும்மா விடுமா?

ரோடு இப்படி இருக்கும்போது சஸ்பென்ஷன் என்பது ஆடம்பரம் இல்லை, முதுகுக்கு மருந்து.

உள்ளே என்னதான் இருக்கிறது?

மாருதி 800 இந்தியாவில் 1983 டிசம்பரில் வந்தது. 1986-இல் உருவம் மாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 25 லட்சத்துக்கும் மேல் ஓடிய வண்டி. முன்பக்கம் அதில் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட்.

ஏர்ல் மெக்பர்சன் ஓர் அமெரிக்க எஞ்சினியர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்ன, விலை குறைந்த கார் வடிவமைத்துக்கொண்டிருந்தார். அந்தத் திட்டத்தை கம்பெனி கைவிட்டது. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் அவருடைய முறை இருந்தது. விஷயம் எளிமையானது. அதற்கு முன் பல கார்களில் சக்கரத்தைப் பிடிக்க மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் ஸ்பிரிங், தனியாக ஷாக் அப்சர்பர் என்று ஒரு குடும்பமே இருக்கும். மெக்பர்சன் மேல் கையை எடுத்துவிட்டார். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே கம்பமாக்கி, அந்தக் கம்பத்தையே மேல் கையாக்கினார். பாகம் குறைவு, இடம் குறைவு, விலை குறைவு. சின்னக் காரின் முன்பக்கத்தில் எஞ்சினைக் குறுக்காக வைக்க இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அம்பாசிடரின் முன்பக்கத்தில் நீண்ட காலம் இருந்தது டார்ஷன் பார் முறை, அது வேறு ஜாதி.

மாருதி 800-இல் இன்னொரு சிக்கனமும் உண்டு. கீழே இருக்கும் லோயர் ஆர்ம் ஒற்றைக் கம்பி மாதிரிதான். அது முன்னும் பின்னும் ஆடாமல் பிடிப்பது குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் கம்பி. வளைவில் வண்டி சாயாமல் தாங்குவது அதன் ஒரு வேலை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் போகாமல் இழுத்துப் பிடிப்பது இன்னொரு வேலை. ஒரு சம்பளத்துக்கு இரண்டு வேலை! அதனால்தான் அதன் நுனியில் இருக்கும் ரப்பர் புஷ் செத்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும்

கேஷியர் சார் வேலையைத் தொடங்கியது மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்த கையோடு. உதவிக்கு அவருடைய அக்கா மகன். பாலிடெக்னிக் படித்தவன். வாசலில் சிமெண்டுத் தரை இருந்தது பெரிய வசதி. மண் தரையில் ஜாக்கி போட்டால் களிமண் தன் வேலையைக் காட்டிவிடும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தார்கள். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் பொடியாகும். ஸ்டாண்டு கிடைக்காவிட்டால் நல்ல கனமான மரக்கட்டை. கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப்போட வேண்டும். எது தவறினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும், ஆள் மேல் உட்காராது.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் பால் ஜாயின்ட்டிலோ வீல் பேரிங்கிலோ இருக்கும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தெரியும். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மெதுவாக நெம்பினால் பால் ஜாயின்ட் தன் வயதைச் சொல்லிவிடும்.

பையன் நெம்பினான். மூட்டு 'சொடக்' என்று மேலேறி இறங்கியது.

"மாமா, இதுல நீங்க அத்தையைத் திருவாரூர் வரைக்கும் கூட்டிட்டுப் போனீங்களா?"

கேஷியர் சார் பதில் சொல்லவில்லை. நோட்டில் 'லோயர் ஆர்ம் - 2' என்று எழுதினார்.

மூன்று நாள் போல்ட்

லோயர் ஆர்மின் உள்பக்க முனையில் ஒரு ரப்பர் புஷ். அதன் நடுவே ஓர் இரும்புக் குழாய். அதற்குள் நீளமான போல்ட். கடலோர மாவட்டத்தில் இருபது வருடம் ஓடிய வண்டியில் அந்தப் போல்ட்டும் குழாயும் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நட்டு சுலபமாகக் கழன்றுவிடும். போல்ட் வராது.

முதல் நாள் சாயங்காலம் கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்து, டீசல் விட்டு ஊற வைத்தார்கள். இரண்டாம் நாள் மறுபடியும். அடிக்கும்போது ஒரு சின்ன நுட்பம்: நட்டைப் போல்ட்டின் நுனிக்குச் சமமாகத் திரும்ப மாட்டிவிட்டு அதன் மேல் அடிக்க வேண்டும். வெறும் போல்ட்டில் அடித்தால் மரை நசுங்கி, கதை முடிந்தது. கேஸ் வைத்துச் சூடாக்கலாம் என்று தெருவில் இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். பக்கத்திலேயே ரப்பர், கிரீஸ், பிரேக் ஹோஸ்... வேண்டாம் என்றுவிட்டார் கேஷியர் சார். மூன்றாம் நாள் காலை, ஸ்பேனரில் குழாய் மாட்டி இரண்டு பேரும் சேர்ந்து இப்படியும் அப்படியும் திருப்ப, பழைய ரப்பர் கிழிந்து, அப்புறம் போல்ட் அசைந்தது. எப்படியும் தூக்கிப் போடப் போகும் ரப்பர்தானே!

பழைய ஆர்ம் வெளியே வந்தது. அப்போதுதான் அந்த விஷயம் தெரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் 'முன்பக்கம் இரண்டு பக்கமும் புஷ் மாற்றியது' என்று பில் போட்டிருந்தார்கள். பில் நோட்டில் ஒட்டி இருக்கிறது. வலது பக்க ஸ்டெபிலைசர் புஷ் புதுசாகத்தான் இருந்தது. இடது பக்கத்தில் இருந்தது வண்டி பிறந்தபோது வந்த புஷ். விரலால் தேய்த்தால் காபிப்பொடி மாதிரி உதிர்ந்தது. அந்த நட்டின் மேல் தொழிற்சாலையில் போட்ட பெயிண்ட் குறிகூடக் கலையாமல் இருந்தது. யாரும் தொட்டதே இல்லை.

ரொம்பப் பெரிய தொகை இல்லை. ரப்பர் புஷ் என்ன விலை விற்றுவிடப் போகிறது? ஆனால் இரண்டு வருடமாக அந்த இடது பக்கத்துச் சத்தத்தை, 'புஷ்தான் மாத்தியாச்சே, ரோடு சரியில்லை' என்று அவர் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் அவரை உறுத்தியது.

எலுமிச்சம்பழச் சந்தை

இங்கே கொஞ்சம் பொருளாதாரம். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'லெமன்' என்றால் வாங்கிய பிறகு பல்லை இளிக்கும் கார். விற்பவனுக்கு வண்டியின் நிஜம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் என்ன செய்வான்? நல்லதும் கெட்டதும் கலந்து இருக்கும் என்று நினைத்து நடுத்தரமான விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரனுக்குக் கட்டாது, அவன் சந்தையை விட்டு விலகுவான். சந்தையில் மிஞ்சுவது பெரும்பாலும் லெமன். இந்தத் துறையில் செய்த வேலைக்காக 2001-இல் அவருக்கு வேறு இருவரோடு நோபல் பரிசு கிடைத்தது.

அகர்லாஃப் சொன்னது காரை விற்பதைப் பற்றி. அதையே காரை ரிப்பேர் செய்வதற்கும் வைத்துப் பார்க்கலாம். ஒரு மெக்கானிக் இரண்டு பக்கமும் மாற்றுகிறார், ஒரிஜினல் பாகம் போடுகிறார், அதற்குத் தக்க கூலி கேட்கிறார். இன்னொருவர் ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டுக் குறைந்த தொகைக்கு பில் போடுகிறார். சக்கரம் மாட்டிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வாடிக்கையாளர் எங்கே போவார்? குறைந்த பில்லுக்குத்தான். "அவன் கொள்ளையடிக்கிறான்" என்று பெயர் வாங்குவது யார்? ஒழுங்காக வேலை செய்தவர்!

ஆகவே தெரியாத வாடிக்கையாளரால் நஷ்டப்படுவது அவர் மட்டும் இல்லை. ஒழுங்கான மெக்கானிக்கும் சேர்ந்து நஷ்டப்படுகிறார்.

கேஷியர் சார் அந்தப் பட்டறைக்குப் போய்ச் சண்டை போடவில்லை. உதிர்ந்த புஷ்ஷை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். நோட்டில் அந்தப் பழைய பில்லுக்குப் பக்கத்தில் 'இடது - செய்யவில்லை' என்று சிவப்பு மையில் எழுதினார். வங்கிப் பழக்கம்.

ஸ்பிரிங்கிடம் மட்டும் வீரம் வேண்டாம்

அடுத்து ஸ்ட்ரட். இதுதான் முக்கியமான இடம்.

பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். ஓரத்தில் சில நட்டுகள், நடுவில் ஒரு நட்டு. ஓரத்து நட்டுகளையும், அடியில் நக்கிளோடு சேர்க்கும் போல்ட்டுகளையும், பிரேக் ஹோஸ் கிளிப்பையும் எடுத்தால் ஸ்ட்ரட் முழுசாக வெளியே வந்துவிடும். நடு நட்டைத் தொடக் கூடாது. அமுக்கி வைத்த ஸ்பிரிங்கை உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட்டுதான். ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் போட்டுக் கட்டாமல் அதைக் கழற்றினால், ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பும். எதிரே முகம் இருந்தால் முகம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நக்கிளைக் கழற்றியதும் அது வெளிப்பக்கமாகச் சாயும். சாய விட்டால் ஆக்ஸிலின் உள் ஜாயின்ட் பிதுங்கிவிடும். பிரேக் காலிப்பரின் பாரத்தை ரப்பர் ஹோஸில் தொங்க விடவும் கூடாது. ஒரு கட்டுக் கம்பியால் இரண்டையும் தூக்கிக் கட்டிவிட வேண்டும். இந்த வீட்டில் அந்த வேலையைச் செய்தது துணி காயப்போடும் நைலான் கயிறு.

பையனுக்கு ஆர்வம் தாங்கவில்லை. கம்ப்ரஸர் வாடகைக்குக் கிடைக்கும், தானே ஸ்பிரிங்கைப் பிரித்துவிடலாம் என்றான். வாடகைக்குக் கிடைத்த கம்ப்ரஸரைக் கேஷியர் சார் கையில் வாங்கிப் பார்த்தார். கொக்கி தேய்ந்திருந்தது, மரையில் துரு.

"தம்பி, கூலி மிச்சம் பண்ணலாம். கண்ணை மிச்சம் பண்ண முடியாது. வைடா கீழ" என்றார்.

இரண்டு ஸ்ட்ரட்டையும் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் 50-இல் வைத்துக் கட்டி, நாகப்பட்டினத்தில் சுவரோடு பதித்த கம்ப்ரஸர் வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். புது ஷாக், புது மவுண்ட், புது பம்ப் ஸ்டாப்பர். ஷாக் எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் வண்டி நொண்டி நடை நடக்கும்.

அங்கே நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. பட்டறைக்காரர் கூலி சொன்னார். பையன் வழக்கம்போல் பேரம் பேச வாயைத் திறந்தான். கேஷியர் சார் அவனைத் தடுத்தார். கேட்ட கூலியை அப்படியே கொடுத்தார். அந்த வேலை என்ன, அதில் என்ன ஆபத்து, எவ்வளவு நேரம் ஆகும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். விலை நியாயமா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பாரம் ஏறிய பிறகுதான் முறுக்கு

திரும்ப மாட்டுவதில் ஒரு நுட்பம் பலர் கவனிப்பதில்லை. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுசாக முறுக்கக் கூடாது. புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கிறது. ஆர்ம் ஆடும்போது ரப்பர் முறுகி முறுகித் திரும்பும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் பாதி முறுகிய நிலைக்கு வந்துவிடும். ஓடாமல் சும்மா நின்றால்கூட அதற்கு ஓய்வு இல்லை. சில மாதத்தில் கிழிந்து, 'பார்ட்ஸ் டூப்ளிகேட்' என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். ஆகவே கையால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு தடவை அமுக்கி ஆட்டி, அதன் பாரத்தில் அது உட்கார்ந்த பிறகு இறுக்க வேண்டும்.

பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடக் கூடாது. கடையில் மிட்டாய் விலைக்குக் கிடைக்கும் சாமான் அது. அதை மிச்சம் பிடித்தால் நட்டு கழன்று போகும். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியைப் பிரித்து விற்கும் பாகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு வாங்கலாம். பால் ஜாயின்ட் வாங்கக் கூடாது. அது எத்தனை பள்ளத்தைப் பார்த்தது என்று அதற்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் முடிந்து இருபது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, மறுபடி எல்லா நட்டையும் சோதித்து, அப்புறம் வீல் அலைன்மென்ட். இதை வீட்டில் நூல் கட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. கேஷியர் சார் திருவாரூரில் மிஷினில் கொடுத்தார். புது ஆர்ம் போட்டுவிட்டு அலைன்மென்ட் பார்க்காவிட்டால் புது டயர் ஓரம் தேய்ந்து, மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கே போய்விடும்.

லாபமா நஷ்டமா?

இனி நோட்டு. வருமான வரிக் கணக்கில், வியாபாரத்துக்குச் சொந்தமாக வைத்திருக்கும் காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம், அதுவும் குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். கேஷியர் சாருக்கு வரிச்சலுகை எதுவும் கிடையாது, இருந்தாலும் பழக்க தோஷத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். வாங்கிய விலை 2 லட்சம் என்று வைத்தால் பத்து வருடத்தில் சுமார் 39,400 ரூபாய். இருபது வருடத்தில் சுமார் 7,750. இந்த முறையில் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது, பழைய மாருதி மாதிரி இழுத்துக்கொண்டே போகும்!

அதாவது நோட்டின்படி, இந்த முறை வாங்கிய பாகங்களின் விலை வண்டியின் மதிப்பைத் தாண்டிவிட்டது. எந்த ஆடிட்டரும் 'விற்றுவிடுங்கள்' என்பார்.

கூலியில் மிச்சம் என்றால் அதுவும் பெரிதாக இல்லை. ஸ்டாண்டு, சாக்கெட் செட், டீசல், மூன்று தடவை நாகப்பட்டினம் போய் வந்த பெட்ரோல், ஐந்து நாள் இரண்டு பேர் உழைப்பு. உழைப்புக்கு நாள் கூலி போட்டால் நஷ்டம்தான். 'நானே செய்தேன், பணம் மிச்சம்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம் எதற்கு இந்த வேலை?

நோட்டில் ஏறாத வரவு இரண்டு. ஒன்று, விற்றுவிட்டு வேறு வண்டி வாங்க அவரிடம் பணம் இல்லை. ஆகவே ஒப்பிட வேண்டியது 7,750 ரூபாயோடு அல்ல, மாதம் இரண்டு முறை திருவாரூருக்கு வாடகைக் கார் பிடிக்கும் செலவோடு. அப்படிப் பார்த்தால் பாகங்களின் விலை சில மாதத்திலேயே திரும்பி வந்துவிடும். இரண்டு, இனிமேல் அவர் எந்தப் பட்டறைக்குப் போனாலும் சக்கரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவராகப் போகிறார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். ஒழுங்காகச் செய்பவருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை, சந்தோஷம்தான்.

எல்லோரும் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சமமான தரையும் நல்ல ஸ்டாண்டும் துணைக்கு ஒரு ஆளும் இல்லாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதையும், மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குவதையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்கு எஞ்சினியரிங் தேவையில்லை, கொஞ்சம் கூச்சம் விட்டால் போதும்.

அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போனபோது, முதல் மூன்று பாலம் வரைக்கும் அந்த அம்மா முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாராம். நாலாவது பாலத்துக்குப் பிறகு கையை எடுத்துவிட்டார். திருவாரூர் போய்ச் சேரும்போது தூங்கிப் போயிருந்தார்.

வண்டியின் பதிவை 2018-இல் ஒரு முறை, 2023-இல் ஒரு முறை புதுப்பித்தாயிற்று. பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025-இல் இன்னும் ஏற்றினார்கள். பசுமை வரி தனி. அடுத்த முறை 2028-இல். அதற்கு இப்போதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறார் கேஷியர் சார்.